ஸ்லைடு பிள்ளைகளுக்கு, குறிப்பு உங்களுக்கு

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பதினாறு வருடமாக அறிவியல் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் 42 பிள்ளைகள். இந்த வருடம் எங்கள் பள்ளிக்குப் புரொஜெக்டரும் நெட் இணைப்பும் வந்துவிட்டன. இனி எல்லாப் பாடத்தையும் பிபிடி (பவர்பாயிண்ட் ஸ்லைடு) போட்டுத்தான் நடத்த வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். இதயம் பற்றிய பாடத்துக்கு இரண்டு ராத்திரி உட்கார்ந்து 46 ஸ்லைடு செய்தேன். வகுப்பில் பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "மிஸ், மாத்திடாதீங்க, இன்னும் எழுதலை" என்று கடைசி வரை காப்பி பண்ணிக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் கேட்டால், நுரையீரல் தமனியில் எந்த ரத்தம் போகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நடுவில் இரண்டு முறை நெட் வேறு போய்விட்டது. கரும்பலகையில் நான் நன்றாகவே நடத்துவேன். கூகுள் ஸ்லைட்ஸ், கேன்வா, ப்ரெசி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைக் கற்றுக்கொள்வது? பாடக்குறிப்பையும் அதிலேயே எழுத முடியுமா? உண்மையிலேயே இது பிள்ளைகளுக்குப் பயன்படுமா?

(பெயர் வேண்டாம், திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த 46 என்ற எண்தான். ஒரு பீரியட் 45 நிமிடம் என்று வையுங்கள். வருகைப் பதிவு, பிள்ளைகள் உட்கார்ந்து அடங்குவது எல்லாம் போக நாற்பது நிமிடம் மிஞ்சும். ஒரு ஸ்லைடுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளை படிக்க வேண்டும், எழுத வேண்டும், நீங்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். மூன்றும் நடக்காது. அவர்கள் எழுதுவதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பரீட்சைக்கு அதுதான் உதவும் என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் மேல் தப்பில்லை, உங்கள் உழைப்பின் மேலும் தப்பில்லை. எழுத்து போய் உட்கார்ந்த இடம்தான் தப்பு.

ஆசிரியர் பயிற்றுநராக இருந்த வருடங்களில் நூற்றுக்கணக்கான வகுப்புகளின் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஸ்லைடு போட்டு நடத்தும் வகுப்புகளில் பெரும்பாலானவற்றில் பாடநூலின் பத்திதான் சுவரில் ஓடும். ஆசிரியர் அதைப் பார்த்து வாசிப்பார், பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுவார்கள். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. அந்த மென்பொருளைத் திறந்தாலே மேலே தலைப்புக்கு ஒரு பெட்டி, கீழே புள்ளி வைத்த வரிகளுக்கு ஒரு பெட்டி என்று காட்டுகிறது. நாம் அதை நிரப்பிவிடுகிறோம். பவர்பாயிண்ட் 1987இல் ஆப்பிள் மெக்கின்டாஷுக்காக வந்தபோது அது அலுவலகக் கூட்டங்களுக்கான சாமான். மேலதிகாரிகள் முன்னால் நின்று ஒரு திட்டத்தை எடுத்துச் சொல்பவருக்கு அந்தப் புள்ளி வரிகள் போதும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பொருளை முதல்முதலாகப் புரியவைக்கப் போதாது.

இதற்கு ஆராய்ச்சியும் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியல் பேராசிரியர் பல வருடம் இதையே சோதித்துப் பார்த்தார். மின்னல் எப்படி உண்டாகிறது என்ற ஒரு சின்ன அசைபடத்தை ஒரு குழுவுக்குக் குரல் விளக்கத்தோடு காட்டினார். இன்னொரு குழுவுக்கு அதே படம், அதே குரல், கூடவே அதே சொற்கள் திரையில் எழுத்தாகவும். எழுத்து சேர்ந்த குழுதான் குறைவாகப் புரிந்துகொண்டது. கண் படத்தைப் பார்ப்பதா, எழுத்தைப் படிப்பதா என்று அல்லாடுகிறது. காதில் விழுவதே எழுத்தாகவும் இருந்தால் கூடுதல் லாபம் எதுவும் இல்லை, படத்தைப் பார்க்கிற நேரம்தான் பறிபோகிறது. ஆனால் புதிய கலைச்சொல் ஒன்றைப் படத்தின் பக்கத்திலேயே சின்னதாக எழுதிக் காட்டுவது உதவுகிறது. நமக்கு வேண்டிய அளவு அவ்வளவுதான்: வெண்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) என்ற சொல் ஸ்லைடில் இருக்கட்டும், அதன் விளக்கம் உங்கள் வாயில் இருக்கட்டும்.

அப்படியானால் நீங்கள் இரண்டு ராத்திரி தட்டச்சு செய்த விளக்கமெல்லாம் எங்கே போவது? கூகுள் ஸ்லைட்ஸில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் அடியில் ஸ்பீக்கர் நோட்ஸ் என்று ஒரு வெற்றிடம் இருக்கிறது. பெரும்பாலானோர் அதைத் தொடுவதே இல்லை. நான் உங்களுக்குச் சொல்ல வந்தது முக்கியமாக இதைத்தான்: ஸ்லைடு பிள்ளைகளுக்கு, அடியில் உள்ள இடம் உங்களுக்கு. பாடக்குறிப்பை அதிலேயே எழுத முடியுமா என்று கேட்டீர்களே, எழுத வேண்டிய இடமே அதுதான்.

இதயப் பாடத்தையே எடுத்துச் செய்து காட்டுகிறேன். எட்டு ஸ்லைடு போதும்.

முதல் ஸ்லைடில் படம் வேண்டாம். "ஒரு நிமிடத்தில் உங்கள் இதயம் எத்தனை முறை துடிக்கிறது?" என்ற ஒரு வரி மட்டும், பெரிய எழுத்தில். பிள்ளைகள் படித்ததும் விசைப்பலகையில் ஆங்கில எழுத்து பி-யை (B) தட்டுங்கள். திரை கறுப்பாகிவிடும். கூகுள் ஸ்லைட்ஸ், பவர்பாயிண்ட் இரண்டிலும் இது வேலை செய்யும். இத்தனை வருடப் பயிற்சி வகுப்புகளில் நான் சொல்லித் தந்தவற்றில் ஆசிரியர்களுக்கு மிக அதிகமாகப் பயன்பட்டது இந்த ஒரு விசைதான் என்று நினைக்கிறேன். திரை அணைந்தால் எல்லாத் தலையும் உங்கள் பக்கம் திரும்பும். இப்போது இரண்டு விரலை மணிக்கட்டில் வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் வேண்டாம், அதிலேயே ஒரு துடிப்பு உண்டு, எண்ணிக்கை குழம்பிவிடும். முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்கட்டும். அப்புறம் ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே குதிக்கச் சொல்லி மறுபடி எண்ணட்டும். பத்து நிமிடம் போய்விடும், போகட்டும். 42 பிள்ளைகளுக்கும் இப்போது சொந்தமாக இரண்டு எண் கையில் இருக்கிறது. ஏன் கூடியது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

அந்த ஸ்லைடின் நோட்ஸில் நீங்கள் எழுதி வைப்பது இப்படி இருக்கலாம்: "10 நிமி. கட்டைவிரல் வேண்டாம் எனச் சொல்லவும். நாடி கிடைக்காதவர்கள் கழுத்தில் பார்க்கட்டும். மூச்சுத் தொந்தரவு உள்ள பிள்ளை குதிக்க வேண்டாம், அவர் நேரம் பார்க்கட்டும். எதிர்பார்க்கும் பதில்: களைப்பு. அடுத்து கேட்க வேண்டியது: கால் தசைக்கு அந்த நேரத்தில் என்ன அதிகமாகத் தேவைப்பட்டது?" இதுதான் பாடக்குறிப்பு. நோக்கம், முறை, மதிப்பீடு என்று கட்டம் போட்டு எழுதுவதையெல்லாம் விட வகுப்பில் நிற்கும்போது கைகொடுப்பது இந்த நாலு வரி.

இரண்டாவது ஸ்லைடு, நம்மைப் பார்த்து நிற்கும் ஓர் ஆளின் கோட்டுருவம், நெஞ்சில் இதயம். இதை யாரும் போடுவதில்லை. நேரே இதயத்தை வெட்டிய படத்துக்குப் போய்விடுகிறோம். அந்தப் படத்தில் வலது ஆரிக்கிள் (மேலறை) நம் இடக்கைப் பக்கம் இருக்கும். பிள்ளைக்கு அது ஏன் என்று விளங்குவதே இல்லை, மனப்பாடம் பண்ணிக்கொள்கிறது. பரீட்சையில் பாகம் குறிக்கும்போது மாற்றி எழுதிவிடுகிறது. இந்த ஸ்லைடைப் போட்டுவிட்டு நீங்கள் திரையின் பக்கத்தில் வகுப்பைப் பார்த்து நின்று உங்கள் வலக்கையைத் தூக்குங்கள். "என் வலது கை உங்களுக்கு எந்தப் பக்கம் தெரிகிறது?" இரண்டே நிமிடம். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்றாவதில் நான்கு அறைகள் மட்டும், பெயர் எதுவும் இல்லாமல். "எந்தச் சுவர் தடிமன்? ஏன் அது மட்டும்?" என்று கேளுங்கள். பக்கத்துப் பிள்ளையோடு பேச ஒரு நிமிடம் கொடுங்கள். உடம்பு முழுவதற்கும் தள்ள வேண்டியது எந்த அறை என்று அவர்களே கண்டுபிடித்த பிறகு இடது வெண்ட்ரிக்கிள் என்ற பெயரைச் சொல்லுங்கள். நான்காவதில் அதே படம், நீல அம்புக்குறிகள்: உடம்பிலிருந்து வலது ஆரிக்கிள், அங்கிருந்து வலது வெண்ட்ரிக்கிள், அங்கிருந்து நுரையீரல். ஐந்தாவதில் சிவப்பு அம்புகள் சேரும்: நுரையீரலிலிருந்து இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி, உடம்பு.

இதற்கு அனிமேஷன் எதுவும் போட வேண்டாம். இடப்பக்கம் வரிசையாகத் தெரியும் ஸ்லைடுகளில் ஒன்றைத் தொட்டு கன்ட்ரோலும் டி-யும் (D) சேர்த்து அழுத்தினால் நகல் ஒன்று உண்டாகும். அதில் அடுத்த அம்புக்குறியை மட்டும் சேர்த்துக்கொண்டே போங்கள். மாற்றி மாற்றிக் காட்டும்போது அம்பு தானே முளைப்பது போலத்தான் தெரியும். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கோப்பைப் பிடிஎஃப் ஆக்கினால் அனிமேஷன் போய்விடும், நகல் ஸ்லைடுகள் அப்படியே இருக்கும்.

ஆறாவது ஸ்லைடுதான் உங்கள் பிள்ளைகள் தடுக்கி விழுந்த இடம். நுரையீரல் தமனியும் நுரையீரல் சிரையும் மட்டும் தெரிகிற படம். "இதில் எதில் ஆக்சிஜன் அதிகமுள்ள ரத்தம் போகிறது?" என்ற கேள்வி. கையைத் தூக்கச் சொல்லி எண்ணிக்கையைப் பலகையில் எழுதிவையுங்கள். பெரும்பாலானோர் தமனி என்பார்கள். ஏனென்றால் தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம் என்று நம் வீட்டுப் பேச்சிலேயே ஊறிப்போயிருக்கிறது. இந்த இடத்தில் பி-யைத் தட்டிவிட்டுப் பேசுங்கள். இதயத்திலிருந்து கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. பெயர் திசையை வைத்து வந்தது, ரத்தத்தின் தன்மையை வைத்து வரவில்லை. மறுபடி ஐந்தாவது ஸ்லைடுக்குத் திரும்பிப் போய் அம்புகளைக் காட்டுங்கள். திரும்பிப் போக ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் அடித்தால் போதும். அப்புறம் மறுபடி கை தூக்கச் சொல்லுங்கள். பலகையில் முதலில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டாவது எண்ணை எழுதும்போது, உங்கள் வகுப்புக்கு அன்று எவ்வளவு புரிந்தது என்பது உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும்.

ஏழாவது, பாடநூலில் உள்ள அதே படம், எல்லாப் பெயர்களோடும். ஒரு நிமிடம் பார்க்க விடுங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டுக் கரும்பலகைக்குப் போங்கள். இங்கேதான் உங்கள் பதினாறு வருடக் கை வேலை செய்ய வேண்டும். படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லிப் பரீட்சையில் கேட்கிறார்கள். வரையக் கற்பதற்கு வரைகிற கையைப் பார்க்க வேண்டும். எந்தக் கோட்டை முதலில் இழுப்பது, நடுச்சுவரை எங்கிருந்து தொடங்குவது, பெருந்தமனியின் வளைவை எப்படித் திருப்புவது, இதெல்லாம் முடிந்த படத்தைச் சுவரில் ஒளியாகக் காட்டினால் தெரியாது. நீங்கள் ஒரு கோடு போட, அவர்கள் நோட்டில் ஒரு கோடு போட, அந்த வேகம்தான் பிள்ளையின் வேகம். கரும்பலகையில் நன்றாக நடத்துவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிடாதீர்கள்.

உங்களிடம் வெள்ளைப் பலகை இருந்தால், திரைக்குப் பதில் அதன் மேலேயே புரொஜெக்டரை விழச்செய்து மூன்றாவது ஸ்லைடின் வெறும் கோட்டுப் படத்தின் மேல் மார்க்கரால் பெயர்களை எழுதலாம். பிள்ளைகளையே கூப்பிட்டு எழுதச் சொல்லலாம். ஸ்லைடை அணைத்தால் படம் போய், அவர்கள் எழுதிய பெயர்கள் மட்டும் பலகையில் நிற்கும். "இப்போ படத்தை நீங்களே போடுங்க" என்று சொல்ல அருமையான தருணம் அது.

எட்டாவது ஸ்லைடில் முந்தைய பொதுத்தேர்வு வினா இரண்டு. அவ்வளவுதான்.

அப்புறம் நகலெடுக்கும் பழக்கம். அது ஒரே நாளில் போகாது. முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்: "திரையில் வருவது எதையும் எழுத வேண்டாம், எழுத வேண்டியதைப் பலகையில் எழுதுவேன்." சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் நம்பிவிடுவார்கள்.

இனி எதைக் கற்றுக்கொள்வது என்ற கேள்வி. கூகுள் ஸ்லைட்ஸ் போதும் என்பேன். காரணம் எளிது. காசு வேண்டாம். உங்கள் ஜிமெயில் கணக்கிலேயே இருக்கிறது. வீட்டில் போனில் தொடங்கிப் பள்ளிக் கணினியில் முடிக்கலாம். தானே சேமித்துக்கொள்ளும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் மெயில், போட்டோ எல்லாவற்றுக்கும் பொது என்பதால், பெரிய வீடியோக்களை மட்டும் உள்ளே ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பவர்பாயிண்ட் ஏற்கெனவே கை பழகியிருந்தால் அதன் இணையப் பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் இலவசம்தான். மாற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, நோட்ஸ் இடம் அதிலும் இருக்கிறது.

கேன்வா அழகாக இருக்கும். பள்ளி ஆசிரியர் என்று உறுதிப்படுத்தினால் அதன் கல்விப் பதிப்பை இலவசமாகவே தருகிறார்கள். ஆண்டு விழா அழைப்பிதழ், அறிவியல் கண்காட்சிச் சுவரொட்டி, பாராட்டுச் சான்றிதழ் இதற்கெல்லாம் அதைவிட நல்லது கிடையாது. அன்றாடப் பாடத்துக்கு எனக்கு அதில் ஒரு தயக்கம் இருக்கிறது. பூ, மேகம், சிரிக்கும் பென்சில் என்று வார்ப்புருக்கள் நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மேயரின் சோதனைகளிலேயே இதுவும் வந்தது: பாடத்துக்குச் சம்பந்தமில்லாத சுவையான படமும் தகவலும் சேரச் சேர, புரிதல் குறைகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு மூலையில் எந்த இலையை வைப்பது என்று தேடுகிற நேரத்தில் ஆறாவது ஸ்லைடின் கேள்வியை யோசிக்கலாம்.

ப்ரெசி 2009இல் ஹங்கேரியின் புடாபெஸ்டிலிருந்து வந்தது. ஸ்லைடு ஸ்லைடாக இல்லாமல் ஒரே பெரிய விரிப்பில் உள்ளே போய் வெளியே வருகிற மாதிரி காட்டும். உடம்பு, அதற்குள் இதயம், அதற்குள் வால்வு என்று முழுமையிலிருந்து பகுதிக்குப் போகும் பாடங்களுக்கு அந்த யோசனை நல்லது. ஆனால் கேமரா பறந்து சுற்றுகிற வேகத்தில் சில பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். உங்கள் நெட் இருக்கும் நிலையில் அதை நம்பி வகுப்பில் நிற்கவும் வேண்டாம்.

நெட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் நெட் இருக்காது என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். உங்கள் சொந்த மடிக்கணினியாக இருந்தால் குரோம் உலாவியில் கூகுள் டிரைவின் அமைப்புகளில் ஆஃப்லைன் என்பதைத் தேர்ந்தெடுத்து, வேண்டிய கோப்பை ஆஃப்லைனில் வைக்கச் சொல்லிவிட்டால் நெட் இல்லாமலும் திறக்கும். பள்ளியின் பொதுக் கணினியில் அப்படிச் செய்ய வேண்டாம். அதற்குப் பென் டிரைவ்தான் வழி. கோப்பைப் பவர்பாயிண்ட் வடிவில் ஒன்று, பிடிஎஃப் ஆக ஒன்று என இரண்டு பிரதி இறக்கி எடுத்துப்போங்கள். ஸ்லைடில் செருகிய யூடியூப் காட்சி நெட் இல்லாமல் ஓடாது. பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் பாடத்துக்கேற்ற காணொலிகள் இருக்கின்றன, 2018 முதல் வந்த புதிய பாடநூல்களின் க்யூஆர் கோடு வழியாகவும் காணொலிகள் கிடைக்கும். காட்டத்தான் வேண்டும் என்றால், முந்தின நாளே ஓட்டிப் பார்த்து, எந்த ஒரு நிமிடம் தேவை என்று நோட்ஸில் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு நிமிடக் காணொலியை முழுதாக ஓட்டிவிட்டு ஓரமாக நிற்பது வகுப்பு ஆகாது.

தமிழ் எழுத்து இன்னொரு பொறி. ஒரு குறுவள மையப் (சுற்றுப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் இடம்) பயிற்சிக்கு நான் கொண்டுபோன ஸ்லைடுகள் அங்கிருந்த கணினியில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வந்து நின்றன. முப்பது ஆசிரியர்கள் காத்திருந்தார்கள். பழைய வானவில் எழுத்துருவில் அடித்த பகுதிகளை அப்படியே ஒட்டியிருந்தேன், அந்த எழுத்துரு அங்கே இல்லை. அன்றிலிருந்து, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறை தவிர வேறு எதையும் தொடுவதில்லை. தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. உங்களிடம் பழைய வினாத்தாள்கள் வானவில்லிலோ பாமினியிலோ இருந்தால் இணையத்தில் உள்ள எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு எடுத்தாளுங்கள், மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கூகுள் ஸ்லைட்ஸில் எழுத்துருப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் நோட்டோ சான்ஸ் தமிழ், கேடமரான், ஹிந்த் மதுரை, முக்தா மலர் எல்லாம் வரும். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். பவர்பாயிண்ட் வடிவில் இறக்கும்போது அந்த எழுத்துரு பள்ளிக் கணினியில் இல்லையென்றால் வரிகள் மடங்கி இடம் மாறும். பிடிஎஃப் பிரதி அதற்காகத்தான். தட்டச்சு மெதுவாக வருகிறது என்றால் போனில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசுங்கள், நோட்ஸுக்கு அது போதும்.

எழுத்தின் அளவுக்கு எண் சொல்ல மாட்டேன், ஒரு சோதனை சொல்கிறேன். ஸ்லைடைப் போட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். ண-வும் ன-வும் தனித்தனியாகத் தெரிகிறதா? தமிழ் எழுத்தின் சுழியெல்லாம் சின்ன அளவில் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு நமக்குப் போதாது. திரைச்சீலை இல்லாத வகுப்பில் பகல் வெளிச்சத்தில் கறுப்புப் பின்னணி வெளிறிப்போகும். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. அப்புறம் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பையன்கள் எந்த வகுப்பிலும் ஒருவர் இருவர் இருக்கலாம், அவர்கள் வெளியே சொல்வதில்லை. சிவப்புக்கு எதிராக நீலத்தைப் போடுங்கள், நிறத்தோடு அம்பின் திசையும் சேர்ந்தே சொல்லட்டும்.

நோட்ஸ் உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டுமானால், விண்டோஸ் விசையையும் P எழுத்தையும் (திரையை அணைக்கும் B அல்ல) சேர்த்து அழுத்தி எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கூகுள் ஸ்லைட்ஸில் பிரசென்டர் வியூ போட்டால் சுவரில் ஸ்லைடு மட்டும், உங்கள் திரையில் நோட்ஸும் கடிகாரமும். டூப்ளிகேட் என்று இருந்தால் உங்கள் குறிப்பு பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும், "எதிர்பார்க்கும் தவறான பதில்" உட்பட. இது சிக்கலாகத் தோன்றினால் நோட்ஸை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சு முன்னோட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு ஸ்லைடும் அதன் நோட்ஸும் வருகிற அமைப்பு இருக்கிறது. எட்டுத் தாளும் சேர்ந்தால் அந்தப் பாடத்தின் பாடக்குறிப்பு. பார்வைக்கு வருபவர்களிடம் இதையே காட்டலாமா என்று மட்டும் உங்கள் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாடக்குறிப்பேட்டில் எழுதியே ஆக வேண்டும் என்றால், நோட்ஸைப் பார்த்து அதில் சுருக்கிக்கொள்ளலாம்.

வகுப்பு முடிந்ததும் இரண்டு நிமிடம் ஒதுக்கிக் கடைசி ஸ்லைடின் அடியில் தேதி போட்டு இரண்டு வரி எழுதுங்கள். "நாடி பார்க்க 14 நிமிடம் ஆனது. ஆறாவதில் முதலில் 9 பேர் சரி, பிறகு 31." அடுத்த வருடம் இதே பாடத்துக்கு வரும்போது இந்த இரண்டு வரி உங்களுக்கு எந்தப் பயிற்சியும் தராததைத் தரும். பத்தாம் வகுப்பின் இப்போதைய புத்தகம் 2019இல் வந்தது. அந்தப் பாடம் இருக்கும் வரை உங்கள் கோப்பும் இருக்கும், வருடத்துக்கு வருடம் மெருகேறும்.

தனியாக எல்லாப் பாடத்தையும் செய்ய முயலாதீர்கள். உங்கள் குறுவள மையத்தில் நாலு அறிவியல் ஆசிரியர்கள் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு பருவத்தில் மூன்று பாடம் போதும். ஒரே கோப்பில் நாலு பேரும் எழுதலாம், ஓரத்தில் கருத்து போடலாம். யாராவது தெரியாமல் அழித்துவிட்டால் பதிப்பு வரலாறு என்ற இடத்தில் பழையதை மீட்கலாம். முடிந்த பாடத்தை மற்றவர்களுக்குத் தரும்போது இணைப்பின் கடைசியில் எடிட் (edit) என்று ஆங்கிலத்தில் இருப்பதை அதிலிருந்து முடிவு வரை அழித்துவிட்டு காப்பி (copy) என்று ஆங்கிலத்திலேயே மாற்றி அனுப்புங்கள். அவர்களுக்குத் தனிப் பிரதி கிடைக்கும், உங்களுடையது அப்படியே இருக்கும். பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், போட்டோ எதுவும் அந்தக் கோப்பில் இருக்கக் கூடாது. மேலே நான் சொன்ன 9, 31 போன்ற எண்கள் பரவாயில்லை, எந்தப் பிள்ளை என்பது வேண்டாம். பள்ளிக் கணினியில் உங்கள் கணக்கைத் திறந்தால் வெளியேறாமல் எழுந்து போகாதீர்கள்.

எல்லாப் பாடத்துக்கும் பிபிடி என்ற உத்தரவைப் பற்றி. உங்கள் தலைமை ஆசிரியரோடு வாதம் பண்ண வேண்டாம், வகுப்புக்குக் கூப்பிடுங்கள். ஆறாவது ஸ்லைடின்போது பின்பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். திரை எரிகிற நேரத்தையும் அணைந்திருக்கிற நேரத்தையும், பிள்ளைகள் கை தூக்குவதையும் அவர் பார்க்கட்டும். வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்வது, ஓம் விதிக் கணக்கு போடுவது போன்றவை சாக்பீஸில்தான் நன்றாக வரும். கண்ணுக்குத் தெரியாததும் நகர்வதும்தான் திரைக்கு உரியவை: ரத்த ஓட்டம், செல் பிரிதல், சூரியக் குடும்பம். இந்தப் பிரிவினையை உங்கள் பாடநூலின் பொருளடக்கத்திலேயே பென்சிலால் குறித்து அவரிடம் காட்டுங்கள். இருபத்துச் சொச்சம் பாடங்களில் பத்துக்குத்தான் ஸ்லைடு என்று வந்தாலும், அந்தப் பத்தும் ஏன் என்று உங்களால் சொல்ல முடியும்.

பிள்ளைகளுக்குப் பயன்படுமா என்ற கடைசிக் கேள்விக்கு என் பதில், பயன்படும். அந்த 46 ஸ்லைடுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள எழுத்தையெல்லாம் வெட்டி நோட்ஸுக்கு இறக்குங்கள், இந்த எட்டு ஸ்லைடுக்கு வேண்டிய படங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முக்கால்வாசி முடிந்தே இருக்கிறது. புத்தகப் படத்தைப் போனில் எடுப்பதானால் ஜன்னல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், பக்கத்தை அழுத்தித் தட்டையாக்கி எடுங்கள். செய்து முடித்ததும் நோட்ஸோடு எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்து எழுதுகிறேன்.